வேகவைத்த குல்லா

1

இந்தக் கதை எனக்குச் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் பலதுறை மருந்தகத்தில் கிடைத்தது. இரத்தப் பரிசோதனைக்கு எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. தலையில் வெளிர்நீல முக்காடு, மடியில் மஞ்சள் உல்லன் நூல். கண்கள் எண் ஓடும் திரையில் இருக்க, கைகள் தம்பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருந்தன.

எனக்கு எதையும் கேட்காமல் இருக்கத் தெரியாது.

"இந்த வெயில் ஊர்ல யாருங்க இதப் போட்டுக்குவாங்க?"

"குறைமாசக் குழந்தைங்க," என்றார். "இன்குபேட்டர விட்டு வெளிய எடுத்ததும் தலை சில்லுனு ஆயிடும். நானும் ப்ரீமெச்சூர்தான் லா. கர்ஃபியூ பேபி. அறுபத்து நாலுல பொறந்தவ."

அவர் பெயர் ரஷீதா. நடுவில் அவர் எண் வந்தது. உள்ளே போய், முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னார். என் எண் திரையில் வந்துபோனதை நான் பார்க்கவேயில்லை. (தாதியிடம் திட்டு வாங்கினேன். அது கதைக்கு வேண்டாம்.)

அவர் சொன்னதெல்லாம் அவருடைய உம்மா, அதாவது தாயார், பதுருன்னிசா சொல்லக் கேட்டது. உம்மா இப்போது இல்லை. ஆக, ஒருவர் பார்த்து, ஒருவர் கேட்டு, மூன்றாவது ஆளாகிய நான் எழுதுகிறேன். நடுவில் ஓட்டைகள் இருக்கும். சிலவற்றை நான் அடைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் அடைக்கவில்லை. அது கடைசியில் வரும்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'சிங்கப்பூரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆகவே—'

விட்டுவிட்டேன். ஆகவே என்று ஆரம்பித்தால் கட்டுரை ஆகிவிடும்.

இரண்டாவது:

'1964 ஜூலை. சிராங்கூன் சாலையில் ஒரு காக்கைகூட—'

இதுவும் வேண்டாம். கலவரத்தில் தொடங்கினால் நீங்கள் ரத்தத்துக்காகக் காத்திருப்பீர்கள். இந்தக் கதையில் யாரும் யாரையும் வெட்டுவதில்லை. பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமான அளவுக்கு இருக்கிறது.

ஆகவே (பாருங்கள், வந்துவிட்டது) சந்திரமதியிடமிருந்து தொடங்குகிறேன்.

சந்திரமதி டன்லப் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் குடியிருந்தாள். கணவர் வேலாயுதம் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். செல்லக்கண்ணு என்று ஒரே மகள். குழந்தைக்கு மூன்று வயது நடக்கும்போது சந்திரமதி இருமத் தொடங்கினாள். ஒருநாள் கைக்குட்டையில் சிவப்பாக விழுந்தது. காசநோய் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் மருத்துவமனையில் இருக்கவேண்டி வந்தது. வேலாயுதத்தின் அக்கா அன்னம்மா, செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் இருந்தவர், வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வார்டில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. செய்ய வேலையும் இல்லை. படுத்திருக்கவேண்டும், மருந்து சாப்பிடவேண்டும், பக்கத்துக் கட்டிலில் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். பக்கத்துக் கட்டிலில் கிம் லியான் என்ற சீனப் பெண் இருந்தாள். இவள் வயதுதான், பாலஸ்டியர் பக்கம் தையல்காரி. கைவேலைக்கென்று வார்டில் கொடுத்த நூலையும் ஊசிகளையும் வைத்துக்கொண்டு பின்னுவாள். சந்திரமதி பார்த்துக்கொண்டே இருப்பதைக் கவனித்து, ஒரு நாள் இரண்டு ஊசிகளை அவள் கட்டிலில் வைத்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் சந்தை மலாய். மீதியை விரல் பேசியது.

பின்னல் பழகியதும் சந்திரமதி மகளுக்கு ஒரு சட்டை தொடங்கினாள். வேலாயுதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். தள்ளித்தான் நிற்கவேண்டும்.

"பாப்பா எவ்ளோ உயரம் ஆயிட்டா?"

அவர் தன் தொடையருகே கையை வைத்துக் காட்டுவார். அந்தக் கை ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். சந்திரமதி பின்னியதைப் பிரிப்பாள், மறுபடி பின்னுவாள். ஆளைப் பார்க்காமல் ஆளுக்கு அளவு எடுப்பது எப்படி என்று நான் பல நாள் யோசித்தேன். அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

(பின்னுவதால் உடம்புக்கு என்ன நன்மை என்று நானும் தேடிப் படித்தேன். நெஞ்சுத் துடிப்பு நிதானப்படும் என்கிறார்கள், தூக்கம் வரும் என்கிறார்கள். இருக்கலாம். ரஷீதாவிடம் கேட்டபோது, "கை பிஸியா இருந்தா பயம் வந்து உக்கார இடம் இருக்காது, அவ்ளோதான்," என்றார். நான் படித்ததை மூடி வைத்துவிட்டேன்.)

3

அறுபத்து நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில், நோய் நீங்கிவிட்டது என்று எழுதிக்கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்தார். தெரு ஒப்புக்கொள்ளவில்லை.

யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. பொதுக் குழாயடியில் அவள் வந்தால் வாளிகள் கொஞ்சம் தள்ளிப் போகும். கடையில் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைப்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் காப்பி கொடுத்தால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்," என்பார்கள். வேலாயுதம் மட்டும் அவள் குடித்த தம்ளரிலேயே வாங்கிக் குடிப்பார். பேசத் தெரியாத மனிதர். அதுதான் அவர் பேசியது.

ஆனால் மகளைக் கூட்டிவர அவரால் முடியவில்லை. போவார், வெறுங்கையோடு திரும்பி வருவார்.

"அக்கா என்ன சொல்றாங்க?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்கிறாங்க."

"டாக்டர் சீட்டக் காட்டுனீங்களா?"

"காட்டுனேன். படிச்சாங்க. மடிச்சுக் குடுத்துட்டாங்க."

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அன்னம்மாவை முதலில் நான் கொடுமைக்காரியாகத்தான் எழுதினேன். வெற்றிலை மென்றுகொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. ஒரே மூச்சில் வந்தது. அவ்வளவு லேசாக வந்ததாலேயே சந்தேகம் தட்டி, ரஷீதாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, அப்படி எழுதிறாதீங்க," என்றார். "அவங்க அம்மாவே டிபியிலதான் போனாங்க. அந்தக் காலத்துல மருந்து ஏது? இவங்கதான் கூட இருந்து பார்த்தது. அப்ப இவங்களே சின்னப் பொண்ணு. தம்பிக்கு, அதான் வேலாயுதம் மாமாவுக்கு, ஒண்ணும் வந்துறக்கூடாதுன்னு ரூமுக்குள்ளயே விடலையாம். தம்பி வெளிய நின்னு அழுவாராம்."

எழுதிய மூன்று பக்கங்களையும் அழித்தேன். அன்னம்மா ஒருமுறை கதவை மூடி ஒரு குழந்தையைக் காப்பாற்றியவர். மறுபடியும் அதைத்தான் செய்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவரை எழுதுவது எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

சந்திரமதி பின்னி அனுப்பிய சட்டையை அவர் எறியவில்லை. வாசல் கொடியில் வெயிலில் போட்டார். போதாது என்று மறுநாளும் போட்டார். அது வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போதே குழந்தை வளர்ந்துவிட்டது.

4

கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பின்பக்க அறையில் பதுருன்னிசா குடியிருந்தாள். கணவர் சேக் தாவூது கேலாங் செராயில் துணிக்கடை வைத்திருந்தார். பதுருன்னிசா அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள், முதல் பிரசவம். இதற்குமுன் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் எதைக் கண்டாலும் பயம். மாடியிலிருந்து இருமல் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். (சந்திரமதி அப்போது இருமுவதே இல்லை. இருமியது வேலாயுதம், பீடியினால். பதுருன்னிசாவுக்கு அது பின்னால்தான் தெரிந்தது.)

சந்திரமதி வரப்போகும் குழந்தைக்கு ஒரு குல்லா பின்னினாள். வெள்ளை உல்லன், காதை மூடுகிற மாதிரி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட நாடா. அதை ஒரு தாளில் சுற்றிப் படியிறங்கி வந்து, கடைசிப் படியிலேயே நின்றுகொண்டு நீட்டினாள்.

"உன் பிள்ளைக்கு."

பதுருன்னிசா மறுக்கவில்லை. மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை. "அங்க வச்சிருங்கக்கா, கை ஈரமா இருக்கு," என்றாள். கை காய்ந்துதான் இருந்தது.

சந்திரமதி மாடிக்குப் போனதும், துணி அவிக்கிற பானையை அடுப்பில் ஏற்றினாள். சோப்பைச் சீவிப் போட்டாள். கொதி வந்ததும் குல்லாவைக் குச்சியால் எடுத்து உள்ளே விட்டு, கிருமி சாகட்டும் என்று கிண்டிக்கொண்டே நின்றாள்.

வெளியே எடுத்தபோது அது வேறு ஏதோவாக இருந்தது. கெட்டியாக, தடிப்பாக, ஒரு பெரிய மாதுளம்பழத்துக்குத்தான் போடமுடியும் என்கிற அளவுக்குச் சுருங்கி. கொடுத்தவர் கேட்டால் என்ன சொல்வது? பதுருன்னிசா அதைக் காயவைத்து, துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

இதை நான் உடனே நம்பவில்லை. தேக்கா சந்தையில் உல்லன் நூல் வாங்கினேன். ரஷீதா சொல்லிக்கொடுக்க, ஒருவாறு குல்லா என்று சொல்லத்தக்க ஒன்றைப் பின்னினேன். என் வீட்டுச் சமையலறையில் சோப்புப் போட்டு வேகவைத்தேன். மின்தூக்கியில் வந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சமையல், வாசம் ஒரு மாதிரி இருக்கே?" என்று விசாரித்தார். குல்லா சுருங்கியது. பதுருன்னிசா சொன்னது உண்மை. சுருங்கியதைப் பிரிக்கப் பார்த்தேன், பிரிக்கமுடியவில்லை. இழையும் இழையும் ஒன்றாகிவிட்டிருந்தன. (இங்கே இதை வைத்து அழகாக ஒரு வாக்கியம் எழுதினேன். சமூகம், இழை, ஒற்றுமை என்று. எடுத்துவிட்டேன். நல்ல நாளில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.)

5

ஜூலையில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். காலையில் கொஞ்ச நேரம் தளர்த்துவார்கள், மக்கள் ஓடிப்போய் அரிசி வாங்கி வருவார்கள், மறுபடி கதவுகள் மூடும். சேக் தாவூது கேலாங் செராய்க் கடையில் மாட்டிக்கொண்டார். வேலாயுதம் அச்சகத்தில் இருந்துவிட்டார். அந்தக் கடைவீட்டில் மாடியில் ஒருத்தியும் கீழே ஒருத்தியும் மட்டும் இருந்தார்கள்.

மத்தியானம் கீழே ஏதோ விழுகிற சத்தம் கேட்டு, சந்திரமதி படியில் வந்து நின்றாள்.

"பதுரு?"

"அக்கா, பனிக்குடம் உடைஞ்சிருச்சு போலக்கா. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

சந்திரமதி கடைசிப் படியைத் தாண்டினாள். வார்டில் பழக்கியிருந்தபடி, முந்தானையை வாயையும் மூக்கையும் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு பதுருன்னிசாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"எங்கக்கா போறது? வெளிய போனா சுட்டுருவாங்க."

"ஆஸ்பத்திரி இங்கதான இருக்கு. நடந்தா வந்துரும். எம்மேல சாஞ்சுக்க."

(உம்மா இதை எத்தனை முறை சொன்னாலும் இந்த இடத்தில் நிறுத்துவாராம். "அவங்க வாயக் கட்டிக்கிட்டு வந்தாங்கம்மா. எனக்காக. அந்த வலியிலயும் எனக்கு அது தெரிஞ்சுச்சு.")

சிராங்கூன் சாலை காலியாகக் கிடந்தது. பூக்கடைப் பலகைகள் மேல் வெயில் அடித்தது. இரண்டு பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பாதி தூரத்தில் ஒரு போலீஸ் வண்டி வந்து குறுக்கே நின்றது. ஒரு காவலர் துப்பாக்கியோடு இறங்கினார். சந்திரமதி கையை உயர்த்தாமல் பதுருன்னிசாவின் வயிற்றைக் காட்டினாள். "பெரானாக்," என்றாள். பிரசவம். மலாயில் அவளுக்கு அந்த நேரத்தில் வந்த ஒரே சொல்.

அந்தக் காவலரை முதலில் சீனராக எழுதினேன். பிறகு மலாய்க்காரராக மாற்றினேன். பிறகு பஞ்சாபியாக. ஒவ்வொரு தடவையும் கதை வேறு எதையோ சொல்லத் தொடங்கியது. உம்மா என்ன சொன்னார் என்று ரஷீதாவைக் கேட்டேன். "சின்னப் பையன்னு சொன்னாங்க. அவரு கை நடுங்குச்சுன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல." அதனால் அவரை அப்படியே விட்டுவிடுகிறேன். கை நடுங்குகிற ஓர் இளைஞர். துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டு, பதுருன்னிசாவைத் தூக்கி உட்காரவைத்தார்.

அன்று மாலை ரஷீதா பிறந்தார். ஒரு முழம்கூட இல்லாத நீளம்.

6

குழந்தை சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, ஆகஸ்ட் நடுவில் வீட்டுக்கு வந்தது. வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், தலையை மூடியே வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சேக் தாவூது ஹை ஸ்திரீட் வரை போய் விலை உயர்ந்த குல்லாவாக வாங்கி வந்தார். போட்டால் குழந்தையின் முகமே மறைந்தது. கைக்குட்டையைக் கட்டினால் நழுவியது. மழை நாள். குழந்தையின் தலை சில்லிட்டிருந்தது.

பதுருன்னிசா துணிப்பெட்டிக்கு அடியில் கையை விட்டாள்.

அது பொருந்தியது. காது வரை வந்து நின்றது.

அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு, அதுவரை ஏறாத அந்த மாடிப்படியில் ஏறினாள். கதவைத் திறந்த சந்திரமதி, பழக்கத்தில், ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இது நீங்க குடுத்ததுதான்க்கா."

சந்திரமதி குனிந்து பார்த்தாள். பின்னுகிறவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும்.

"வேக வச்சியா?"

"வச்சேன்."

"சோப்புப் போட்டா?"

"போட்டுத்தான்." பதுருன்னிசா குல்லாவின் நாடாவைச் சரிசெய்தாள். "பயந்துட்டேன்க்கா."

சந்திரமதிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வார்டுல எங்க துணியெல்லாம் அப்படித்தான் அவிப்பாங்க. நானே அவிச்சுக் குடுத்திருக்கணும். உனக்கு வேலை மிச்சம்."

பதுருன்னிசா சிரிக்கவில்லை. குழந்தையை நீட்டினாள்.

"தூக்குங்கக்கா."

"வேணாம்."

"தூக்குங்க. என் கை வலிக்குது."

ஏறக்குறைய இரண்டு வருஷம் பிள்ளை வாசனை படாத கைகள். (இந்த இடத்தில் சந்திரமதியின் மனதுக்குள் போக எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு பத்தி எழுதினேன். ஆனால் அவள் என்ன நினைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், முகத்தைக் காட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.)

"எனக்கும் பின்னக் கத்துக் குடுங்க," என்றாள் பதுருன்னிசா. "ஆஸ்பத்திரில இத மாதிரிப் பிள்ளைங்க நெறையக் கெடக்கு. எதுக்கும் அளவான குல்லா ஒண்ணும் இல்ல."

7

இருவரும் சாயங்காலங்களில் கடைவீட்டு முன்னால், ஐந்தடி நடைபாதையில் முக்காலி போட்டு உட்காரத் தொடங்கினார்கள். தெருவுக்கு முன்னால் உட்காரலாம் என்று சொன்னது பதுருன்னிசாதான். மூடின அறைக்குள் வேண்டாம், எல்லாரும் பார்க்கட்டும் என்றாள். பார்த்தார்கள். குழந்தை சந்திரமதியின் மடியில் கிடப்பதையும் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் குழாயடி வாளிகள் நகர்வது நின்றது. எந்த நாளில் என்று கேட்டால் யாராலும் சொல்லமுடியவில்லை.

மூன்றாவதாக வந்து சேர்ந்தவள் கதீஜா என்ற மலாய்ப் பெண். பின் சந்தில் இருந்தாள். கலவரத்தில் அவள் தம்பிக்குத் தலையில் அடிபட்டிருந்தது. அதிகம் பேசமாட்டாள். வந்து உட்கார்ந்து பின்னிவிட்டுப் போவாள்.

பிறகு ஒருநாள், பாதைகளெல்லாம் திறந்தபின், கிம் லியான் ஒரு பை நிறைய நூலோடு வந்தாள். வார்டை விட்டுப் போனபிறகு தோழியைப் பார்க்க முதல்முறையாக வருகிறாள். தூணருகே வந்தவள் கதீஜாவைப் பார்த்து நின்றுவிட்டாள். கதீஜா எழுந்தாள். கையில் பின்னல் அப்படியே இருந்தது.

யார் யாருடைய தம்பியை அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? இருவருக்கும் தெரியாது. ஆனால் எழுந்து நின்றாயிற்று.

சந்திரமதி நிமிராமலே மலாயில் சொன்னாள். "பாதி வரிசையில விட்டுட்டுப் போகாத. ஊசியிலேர்ந்து கண்ணி எல்லாம் நழுவிரும். வரிசைய முடிச்சிட்டுப் போ."

அது உண்மை. பின்னுகிற யாரும் அதை மறுக்கமாட்டார்கள். கதீஜா வரிசையை முடிக்க உட்கார்ந்தாள். கிம் லியானும் உட்கார்ந்தாள், வேறு முக்காலி இல்லாததால் கதீஜாவுக்குப் பக்கத்தில். கதீஜா அந்த வரிசையை முடித்தாள். ஊசியைத் திருப்பினாள். கொஞ்சம் யோசித்தாள். அடுத்த வரிசையைத் தொடங்கினாள்.

(அவர்கள் அன்று பேசிக்கொண்டார்கள் என்று எழுத எனக்கு ஆசை. பேசவில்லையாம். பின்னுவதில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமுடியாதபோது, பார்ப்பதற்கு இருவருக்கும் வேறோர் இடத்தைத் தருகிறது. பேச்சு செப்டம்பரில் மறுபடி ஒரு கலவரம் வந்துபோன பிறகுதான் தொடங்கியது. தம்பி எப்படி இருக்கிறான் என்று கிம் லியான் கேட்டாளாம்.)

அவர்கள் பின்னிய சின்னச் சின்னக் குல்லாக்கள் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போயின. ஒரு தாதி வந்து வாங்கிப் போவார். எல்லாவற்றையும் அவர்களே முதலில் அவித்துவிடுவார்கள், சுருங்குவதற்கு இடம் விட்டுப் பின்னி.

அப்படி ஒரு சாயங்காலம், சந்திரமதி மகளுக்காக மறுபடி தொடங்கிய ஒரு சிவப்புச் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கிம் லியான் பார்த்துவிட்டு, "இன்னும் பிரிச்சிட்டேதான் இருக்கியா?" என்றாள். "வார்டுலயும் இதே வேலைதான். ஏன் இன்னும் ஆளப் பார்க்காமப் பின்னுற? ஆளப் பார்த்துட்டு வா."

8

அடுத்த ஞாயிறு சந்திரமதியும் பதுருன்னிசாவும் பஸ் மாறி மாறிச் செம்பவாங்குக்குப் போனார்கள். வேலாயுதமும் வந்தார். ஆனால் அக்கா வீட்டுக்கு முன்னால் வந்ததும், அடுத்த வீட்டுக்காரரோடு பேசுவதுபோல் நின்றுவிட்டார். (அவரைக் கோழை என்று எழுதிப் பார்த்தேன். சிறுவயதில் ஒரு மூடிய கதவுக்கு வெளியே நின்று அழுதவர் என்பது நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன்.)

அன்னம்மா வாசலில் நின்றார். உயரமான, மெலிந்த பெண்மணி. வழி விடவில்லை.

"சொல்லி அனுப்பியிருக்கலாமே, சந்திரா."

"சொல்லி அனுப்புனா வேணாம்பீங்க, அண்ணி."

அன்னம்மா பதில் சொல்வதற்குள் பதுருன்னிசா முன்னால் வந்தாள். "உக்கார இடம் குடுங்கம்மா, கைப்பிள்ளையோட வந்திருக்கேன்," என்றாள். கைக்குழந்தையை வாசலில் நிறுத்தும் மனம் அன்னம்மாவுக்கு இல்லை. நகர்ந்தார்.

முன்னறையில் பாய் விரித்தார். உள்கதவுக்குப் பின்னால் ஒரு பாவாடையின் ஓரம் மட்டும் தெரிந்தது. சந்திரமதி அந்தப் பக்கம் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கூப்பிடவும் இல்லை.

பதுருன்னிசா குழந்தையைச் சந்திரமதியின் மடியில் படுக்கவைத்தாள். சந்திரமதியின் விரலைப் பிடித்துக் குழந்தை சப்பத் தொடங்கியது. பதுருன்னிசா தடுக்கவில்லை. அன்னம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு முன்னாடி ஒண்ணு தங்கலம்மா," என்றாள் பதுருன்னிசா. "இது ரெண்டாவது. குறைமாசம். காத்துப் பட்டாப் போயிரும்னாங்க. நான் உங்களவிடப் பயந்தவ. இவங்க குடுத்த குல்லாவப் பானையில போட்டு அவிச்சவ நான். இன்னிக்கு என் பிள்ளைய இவங்க மடியில போட்டுட்டு நான் பாசாருக்குக் காய் வாங்கப் போயிட்டு வரேன். உங்களுக்கு வேற என்னத்தக் காட்டணும்னு எனக்குத் தெரியல."

அன்னம்மா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் குழந்தைக்கு விரல் போதவில்லை. வீறிட்டு அழுதது. பால் கொடுக்கவேண்டும்.

"அடுப்படில மறைவா இருக்கும்," என்றார் அன்னம்மா.

பதுருன்னிசா குழந்தையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

9

ஓட்டை இங்கேதான்.

பதுருன்னிசா திரும்பி வந்தபோது பார்த்தது இது: அன்னம்மா தரையில் உட்கார்ந்து, செல்லக்கண்ணுவின் பாவாடை சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. சந்திரமதியின் முந்தானை நனைந்திருந்தது. செல்லக்கண்ணு இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அன்று மாலையே அவள் டன்லப் தெருவுக்கு வந்துவிட்டாள். அன்னம்மா மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார், சந்திரமதியின் கையால் காப்பி வாங்கிக் குடிப்பார்.

இதெல்லாம் தெரியும். அந்த முன்னறையில் என்ன நடந்தது என்பது தெரியாது. சந்திரமதி அதைப் பதுருன்னிசாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்னம்மாவும் சொன்னதில்லை.

செல்லக்கண்ணுவைத் தேடிப் பிடித்தேன். செங்காங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் நன்றாகச் சிரித்துப் பேசினார்.

"எனக்கு அஞ்சு வயசு லா அப்ப. பஸ்ல வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கு. ஒரு மலாய் ஆண்ட்டி தண்ணி குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்."

"யோசிச்சிருக்கேன் மா. நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே நெறைய நாள் யோசிச்சிருக்கேன்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. நானே எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: குழந்தை கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, தானாகத் தாயின் மடியில் உட்காருகிறாள். அன்னம்மா தோற்கிறார். (சரியில்லை. இரண்டு வருஷம் பார்க்காத ஓர் ஆளிடம் எந்தக் குழந்தையும் அப்படி வராது.)

இரண்டு: குழந்தை அன்னம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். சந்திரமதி எழுந்து, "நான் போயிட்டு வரேன் அண்ணி," என்று செருப்பை மாட்டுகிறாள். அப்போது அன்னம்மா, "நில்லு" என்கிறார். (நன்றாகத்தான் இருக்கிறது. நாடகத்தில் நன்றாக இருக்கும்.)

மூன்று: அன்னம்மா தன் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார். முதல்முறையாக. அந்த அறையில் அம்மா எப்படி மூச்சு விட்டாள், கடைசியில் தம்பியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாளா, இவர் கதவைத் திறந்தாரா இல்லையா என்று. சந்திரமதி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு—

இங்கே என் பேனா நின்றுவிட்டது. 'பிறகு' என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்த இருவரும் காலம் பூராவும் வெளியே சொல்லாமல் வைத்திருந்ததை நான் ஒரு மத்தியானத்தில் கற்பனை செய்துவிடலாம். செய்தால் கதை முடியும்.

முடிக்கவில்லை. நான் பதுருன்னிசாவோடு அடுப்படியில் இருக்கிறேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். அடுப்பில் கரி அணைந்திருக்கிறது. முன்னறையிலிருந்து அன்னம்மாவின் குரல் கேட்கிறது, தாழ்வாக, நிறுத்தி நிறுத்தி. அப்புறம் சந்திரமதியின் குரல். சொற்கள் புரியவில்லை. பதுருன்னிசா கழுத்தை நீட்டிக் கேட்கப் பார்க்கிறாள், பிறகு வேண்டாம் என்று குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள்.

உங்களுக்கு முன்னறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. போகவேண்டும் என்றால் போங்கள். பாயில் இடம் இருக்கிறது. குழந்தை இன்னும் பால் குடித்து முடிக்கவில்லை.